"பெண்களின் பாதுகாப்பு கருதி" மாலை 4 மணிக்காம்

அந்தப் போஸ்டரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் இந்நேரம் யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருப்பார்கள். நான் மறுபடி இங்கே போடப்போவதில்லை, அதற்கு இன்னும் நாலு லைக் விழ வேண்டாம். அதில் இருக்கும் ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் பேச்சு. "பெண்களின் பாதுகாப்பு கருதி, இரவு 8 மணிக்கு நடக்கவிருந்த பேரணி மாலை 4 மணிக்கு மாற்றப்பட்டுள்ளது."

பெண்கள் மீதான வன்முறையை எதிர்த்து நடக்கும் பேரணியை, பெண்களின் பாதுகாப்பு கருதி மாற்றியிருக்கிறார்கள். இதை டைப் செய்தவருக்கு ஒரு நொடிகூடக் கை நிற்கவில்லையா என்றுதான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, நிதானமாகவே சொல்கிறேன். நாங்கள் பதினோரு பெண்கள் ஐந்து வாரமாக இதற்கு அலைந்திருக்கிறோம். அனுமதிக்காக மூன்று முறை காவல் நிலையம் போய், போகும் வழியை நாங்களே இரண்டு தடவை ராத்திரியில் நடந்து பார்த்து, எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, எங்கே நடைபாதை உடைந்து கிடக்கிறது, எந்த முனையில் சக்கர நாற்காலி திரும்பாது என்று எல்லாவற்றையும் குறித்துவைத்தோம். அந்த எரியாத விளக்குகளுக்குக் கீழே நடப்பதுதான் திட்டமே. எட்டு மணி என்பது யாரோ வாய்தவறிச் சொன்ன நேரம் இல்லை. கூட்டத்தில் டீ-ஷர்ட் ஆரஞ்சா ஊதாவா என்று நாற்பது நிமிடம் பேசியவர்களுக்கு, நேரத்தை மாற்றும்போது எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. காலையில் எழுந்தால் குழுவில் போஸ்டர், கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள். மேலே "மகளிர் தின வாழ்த்துகள்" வேறு. அண்ணே, மகளிர் தினம் மார்ச் 8. இது நவம்பர் 25. வாழ்த்துச் சொல்கிற நாளும் இல்லை.

1960-இல் அதே நவம்பர் 25 அன்றுதான் டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரி துருகியோவை எதிர்த்த மிராபல் சகோதரிகள் மூவரை அவனுடைய ஆட்கள் வழிமறித்து அடித்தே கொன்றார்கள். சிறையில் இருந்த கணவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். கொன்றபின் உடல்களை வண்டியில் வைத்து மலைச்சரிவில் தள்ளி, விபத்து என்றார்கள். 1981-இல் லத்தீன் அமெரிக்கப் பெண்கள் பொகோட்டாவில் கூடி அந்த நாளைப் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான நாளாக எடுத்துக்கொண்டார்கள். ஐ.நா. சபைக்கு அதை ஏற்க 1999 வரை ஆனது. அந்த நாளில் பலூன் படம் போட்டு வாழ்த்துச் சொல்லியிருக்கிறோம், நன்றி.

இன்னொன்று. இங்கிலாந்தில் 1970-களில் ஒருவன் தொடர்ந்து பெண்களைக் கொன்றுகொண்டிருந்தான். போலீஸ் பெண்களிடம் சொன்னது, இருட்டியபின் வெளியே வராதீர்கள் என்று. அவன் வெளியேதான் திரிந்தான், வீட்டுக்குள் இருக்கச் சொன்னது இவர்களை. லீட்ஸ் நகரப் பெண்கள் 1977 நவம்பரில் தீப்பந்தங்களோடு ராத்திரியில் தெருவில் இறங்கினார்கள். ஊரடங்கு போடுவதென்றால் ஆண்களுக்குப் போடுங்கள் என்று கேட்டார்கள். அதற்கப்புறம் எத்தனையோ ஊர்களில் பெண்கள் இரவில் நடந்ததற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. இரவு என்பது இதில் அலங்காரம் இல்லை, கோரிக்கையே அதுதான். நாலு மணிக்கு நடப்பதற்கு எதற்குப் பேரணி? நாலு மணிக்கு நான் தினமும்தான் நடக்கிறேன்.

உடனே ஒருவர் வருவார் என்று தெரியும், ஏற்கெனவே வந்தும்விட்டார்: "பெண்களுக்கு ஆபத்து வீட்டுக்குள்தானே அதிகம், தெருவில் நடந்து என்ன ஆகப்போகிறது?" உண்மைதான். ஐ.நா. கணக்குப்படி 2023-இல் மட்டும் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் துணையாலோ குடும்பத்தாராலோ கொல்லப்பட்டிருக்கிறார்கள், ஒரு நாளைக்கு 140 பேர். எனக்கும் தெரியும் அய்யா. அப்படியானால் "இருட்டுமுன் வீட்டுக்குப் போங்கள்" என்று எங்களை எங்கே அனுப்புகிறீர்கள்?

"ஆண்களை ஒதுக்குகிறீர்கள்." இல்லை. தண்ணீர் கொடுக்க, வண்டிகளை நிறுத்தி வழிவிட, பின்வரிசையில் நடக்க ஆள் கேட்டு மூன்று வாரமாகிறது. மைக் பிடிக்கப் பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். தண்ணீருக்கு இரண்டு பேர். "ஆண்களும்தான் அடிவாங்குகிறார்கள்" என்பவர்கள் அதற்கும் ஒரு பேரணி வையுங்கள், நான் வந்து தண்ணீர் கொடுக்கிறேன்.

எனக்கு வலித்தது இவர்கள் பேசியது இல்லை. நேரத்தை மாற்றிய அண்ணனை எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும். டியூஷன் முடிந்து வரும்போது தெருமுனையில் சைக்கிளோடு நிற்பார், வீட்டு வாசல் வரை கூடவே வந்துவிட்டுப் போவார். மூன்று வருடம், மழையிலும் நின்றிருக்கிறார். அந்தப் பிரியத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் போஸ்டரைப் பார்த்தபின் ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்த முனையில் நாலைந்து பையன்கள் தினமும் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்குப் பயந்துதான் இவர் வருவதே. மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அவர்களிடம் போய் "எழுந்து போங்கடா" என்று சொன்னதில்லை. என்னிடம்தான் சொல்வார், "வேகமா நட பாப்பா."

நேற்று போனில் இதைச் சொன்னேன். "நீ ரொம்ப எமோஷனலா யோசிக்கிறம்மா" என்றார். அப்புறம் "ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, வைத்துவிட்டேன். இப்போது தெரிகிறது. ஏதாவது செய்தவன் பதில் சொல்லட்டும்.

போன வருடப் பேரணி பகலில்தான் நடந்தது, அதை இப்போது எனக்கு எதிராகவே எடுத்துக்காட்டுகிறார்கள். அதிலும் ஒன்று சொல்லவேண்டும், சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக இல்லை. நடுவரிசையில் ஒரு அக்கா நடந்து வந்தார். புகைப்படம் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தார், கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். மூன்று தெரு நடந்திருப்போம். "எத்தனை மணிக்கு முடியும்?" என்று என்னிடம் கேட்டார். ஐந்தரை என்றேன். கணவர் ஐந்து மணிக்கு வந்துவிடுவார் என்று சொல்லி, கையில் இருந்த அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்துச் சந்தில் போய்விட்டார். அந்த அக்காவால் எட்டு மணிக்கு வரவே முடியாது. அது எனக்குத் தெரியும், உறுத்துகிறது. அவர் மாதிரிப் பத்துப் பேரைக் கேட்டுவிட்டு நாலு மணி என்று போட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டுகூட வைத்திருப்போம். அவரை யார் கேட்டீர்கள்? எங்களையே கேட்கவில்லை.

இதை எழுதினால் ஒற்றுமையைக் கெடுக்கிறாள் என்பார்கள், உள்வீட்டு விஷயத்தை வெளியே கொண்டுவருகிறாள் என்பார்கள். உள்வீட்டு விஷயம் வெளியே வரக்கூடாது என்று இந்தப் பேரணிக்காரர்களே சொல்வதைக் கேட்கும்போது சிரிப்பு வருகிறது, சரியாகச் சொன்னால் சிரிப்பு இல்லை.

நாலு மணிக்கு நடக்க விரும்புகிறவர்கள் தாராளமாக நடங்கள், டீ-ஷர்ட் ஆரஞ்சு என்று முடிவாகியிருக்கிறது. அனுமதிக் கடிதத்தில் இரவு 8 மணி என்றுதான் எழுதியிருக்கிறது. அது என் கைப்பையில் இருக்கிறது. பதினோரு பேரில் ஏழு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், மற்ற நாலு பேர் வீட்டில் கேட்டுச் சொல்கிறார்களாம்.