பாக்டீரியா சீசியத்தைத் தின்னாதுங்க

நுண்ணுயிர் கரைசலை வயல்ல ஊத்தினா, அணு உலை விபத்துல மண்ணுல விழுந்த சீசியம்ங்கற கதிரியக்கப் பொருளை பாக்டீரியா தின்னு அழிச்சிடும்னு ஒரு வீடியோ சுத்துது. அதை இன்னும் எத்தனை பேர் எனக்கே அனுப்பப் போறீங்களோ தெரியல. நேத்து கமெண்ட்ல பொறுமையா பதில் சொன்னதுக்கு "உரக் கம்பெனி கைக்கூலி"ன்னு பட்டம் வேற. சரி, இங்கயே சொல்லிடறேன். பாக்டீரியா சீசியத்தைத் தின்னு அழிக்காது. கதிரியக்கம் அணுவோட கருவுக்குள்ள நடக்கறது, அங்க எந்த நுண்ணுயிரும் கை வைக்க முடியாது. சீசியம்-137-ங்கற கதிரியக்க சீசியம் பாதியா குறைய 30 வருஷம். கரைசல் ஊத்தினாலும் அதே 30 வருஷம்தான்.

பாக்டீரியா ஒண்ணுமே பண்ணாதுன்னு சொல்லல, பண்ணும், அதான் எனக்கு பயமே. 2011-ல ஜப்பான்ல ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்தப்போ அங்க வயல்கள்ல விழுந்த சீசியம் பெரும்பாலும் மேல்மண்ணுல, மைக்கா வகை களிமண்ணோட ஓரங்கள்ல சிக்கிக்கிச்சு. சிக்கினது வேருக்கு லேசுல கிடைக்காது. காலேஜ்ல பொட்டாஷ் பாக்டீரியா, அதாவது தாதுவைக் கரைச்சு பொட்டாசியத்தை வெளிய விடற பாக்டீரியா வளர்ப்போம், தாதுப்பொடி கலந்த அகார் (ஜெல்லி மாதிரி) தட்டு கலங்கலா இருக்கும், சில நாள்ல காலனியைச் சுத்தி மட்டும் ஒரு வளையம் பளிச்னு தெளிஞ்சிருக்கும், பாக்டீரியா விட்ட ஆசிட் தாதுவைக் கரைச்ச இடம் அது. நம்ம வயலுக்கு அது வரம். ஆனா சீசியம் சிக்கின மண்ணுல அதே வேலை நடந்தா பொட்டாசியத்தோட சீசியமும் கழண்டு வரலாம், ரெண்டும் ஒரே குணம், வேர் சேத்தே இழுத்துக்கும். குப்பை மக்கும்போது நுண்ணுயிர் விடற அமோனியமும் சீசியத்தைக் களிமண்ல இருந்து கிளப்பி விடும்.

"அமெரிக்காவுல யுரேனியத்தை பாக்டீரியாதானே சுத்தம் பண்ணுச்சு?" கொலராடோவுல ஜியோபாக்டர்ங்கற பாக்டீரியாவை வச்சு சோதனை பண்ணாங்க, உண்மை. அது யுரேனியத்தைத் தண்ணில கரையாத வடிவத்துக்கு மாத்தி நிலத்தடி நீர்ல போகாம நிறுத்துச்சு, அழிக்கல. சீசியத்துக்கு அப்படி மாற இன்னொரு வடிவமே மண்ணுல கிடையாது. டெய்னோகாக்கஸ்னு ஒரு பாக்டீரியா பேரைச் சொல்லிட்டு வர்றவங்களுக்கு: அது கதிர்வீச்சைத் தாங்கும், அவ்ளோதான், சீசியத்தை அழிக்காது.

"கரைசல் ஊத்தின வயல்ல பயிர்ல சீசியம் குறைஞ்சுதே?" கூடவே தொழுவுரம் போட்டீங்கல்ல, அதுல பொட்டாஷ் இருக்குல்ல! மண்ணுல பொட்டாசியம் போதுமான அளவு இருந்தா வேர் அதையே எடுத்துக்கும், சீசியத்தைக் கம்மியாத்தான் இழுக்கும்.

ஃபுகுஷிமா நெல்லைக் காப்பாத்தினதுல பொட்டாஷுக்குப் பெரிய பங்கு. 100 கிராம் மண்ணுக்கு 25 மில்லிகிராம் இருக்கணும்னு இலக்கு வச்சு வயல் வயலா போட்டாங்க. 2012-ல இருந்து அந்த மாகாணத்து அரிசி மூட்டை ஒவ்வொண்ணையும் அளந்தாங்க, வருஷத்துக்கு ஒரு கோடி மூட்டை. பெக்கரல்ங்கறது கதிரியக்கத்தை அளக்கற அலகு; கிலோவுக்கு 100 பெக்கரல்ங்கற வரம்பைத் தாண்டினது 2012 அறுவடைல 71 மூட்டை, 2014-ல 2, 2015-ல ஒண்ணுகூட இல்ல. இதைச் செஞ்ச விவசாயிங்களை "ரசாயனத்தைக் கொட்டின முட்டாள்கள்"னு அந்த வீடியோ சொல்லுது, கேட்டா வயிறு எரியுது. இவ்வளவு அளந்து காட்டியும் ஊர் பேரைப் பாத்தே அவங்க அரிசியை ஒதுக்கினவங்க இருந்தாங்க. ஈரப்பதம்னு சொல்லி ஒரு வியாபாரி நெல்லைத் திருப்பி அனுப்பினப்போ எங்கப்பா யார்கிட்டயும் பேசாம மூட்டை மேலயே உக்காந்திருந்தாரு, அந்த முகத்தைப் பாத்தவன் நான். விளைவிச்சவனை முட்டாள்னு சொல்ல எனக்கு வாய் வராது.

நான் நுண்ணுயிருக்கு எதிரி இல்ல, படிச்சதே அதான். வீடியோ போட்டவர் கரைசல் தெளிக்கறதுக்கு முன்னாடி பயிர்ல எத்தனை பெக்கரல், பின்னாடி எத்தனை, மண்ணுல பொட்டாஷ் எவ்வளவுன்னு மூணு நம்பரைப் போடட்டும். அதுவரைக்கும் அந்த லிங்க்கை எனக்கு அனுப்பாதீங்க.