சஃபி ஃபாயின் படங்களில் பேசுகிறவர்கள்

ஆப்பிரிக்க சினிமாவைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலானவற்றில் செனகல் நாட்டு இயக்குநர் சஃபி ஃபாயின் பெயர் ஒரே ஒரு வாக்கியத்தில் வந்து போய்விடுகிறது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெண்களில், வணிகரீதியாக விநியோகிக்கப்பட்ட முழுநீளப் படத்தை முதன்முதலில் இயக்கியவர் என்பதே அந்த வாக்கியம். தகவலில் பிழை ஏதும் இல்லை. அவருக்கு முன்பே, 1963இல், கேமரூனைச் சேர்ந்த தெரேஸ் சீதா பெல்லா பாரிசில் ஓர் ஆவணப்படம் எடுத்திருக்கிறார். அங்கோலா விடுதலைப் போரைப் பற்றி 1972இல் ஒரு மகத்தான படம் தந்த சாரா மல்தொரோர் பிரான்சில் பிறந்தவர். ஆகவே முழுநீளப் படம் என்று வரும்போது அந்த இடம் ஃபாய்க்கு உரியதுதான். எனக்குள்ள வருத்தம் வேறு. பட்டத்தைச் சூட்டியதோடு கடமை முடிந்ததென்று எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். அவர் என்ன எடுத்தார், யாரை வைத்து எடுத்தார், அவர் படங்களில் யார் பேசுகிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. 2023 பிப்ரவரி 22 அன்று தமது 79ஆம் வயதில் அவர் பாரிசில் காலமானபோது வந்த அஞ்சலிக் குறிப்புகள் பலவும் அந்தப் பட்டத்தைத்தான் தலைப்பில் வைத்தன.

1943இல் டக்காரில் பிறந்த ஃபாய், செரேர் இனத்தைச் சேர்ந்தவர். பெற்றோரின் ஊர், டக்காருக்குத் தெற்கே, நிலக்கடலை விளையும் பகுதியில் உள்ள ஃபத்ஜால் என்ற கிராமம். ரூஃபிஸ்க் நகரத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்துவிட்டு, டக்காரில் ஆசிரியையாகப் பணியாற்றினார். சினிமா அவர் வாழ்வில் அதுவரை இல்லை. 1966 ஏப்ரலில், குடியரசுத் தலைவரும் கவிஞருமான லியோபோல் செதார் செங்கோர் முன்னின்று நடத்திய உலகக் கறுப்பின மக்களின் கலைவிழா டக்காரில் நடந்தபோது, பிரெஞ்சு ஆவணப்பட இயக்குநரும் மானிடவியலாளருமான ழான் ரூஷை அவர் சந்தித்தார். ரூஷ் தம் படமொன்றில் அவரை நடிக்க வைத்தார். ஃபாய் திரைக்கு வந்தது அப்படித்தான்.

'பெத்தீ தா பெத்தீ' என்ற அந்தப் படத்தில், நைஜர் நாட்டு வணிகர் ஒருவர் பல மாடிக் கட்டடத்தில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள பாரிசுக்குப் போகிறார். போன இடத்தில் அவர் பாரிஸ்வாசிகளையே ஆராய்ச்சிப் பொருளாக்கி, வழியில் போகிறவர்களை நிறுத்தித் தலையை அளக்கிறார். ஆப்பிரிக்கர்களின் மண்டையோட்டை ஐரோப்பியர்கள் அளந்து குறித்துக்கொண்ட வரலாற்றைத் திருப்பிப் போடும் காட்சி அது. பாரிசில் வாழும் செனகல் பெண்ணாக வரும் ஃபாய், பின்பு அந்த வணிகருடன் நைஜருக்குப் போகிறார். துடிப்பான படம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அதை மறுபடி பார்க்கும்போது, ஃபாயிடம் இருந்த கூர்மைக்கு அங்கே இடமே தரப்படவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வணிகரின் பயணத்துக்கு அழகு சேர்க்கும் பெண்ணாகவே அவர் நிற்கிறார். அளவுகோல் கைமாறியதே தவிர, படம் ரூஷுடையதாகவே இருந்தது.

இந்த இடத்தில் இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1965இல் ரூஷுடன் நடந்த ஓர் உரையாடலில், செனகலின் மூத்த இயக்குநர் ஒஸ்மான் செம்பேன், ஆப்பிரிக்கர்களை நீங்கள் பூச்சிகளைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறீர்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார். அந்தக் கோபம் நியாயமானது. இருந்தும், செம்பேன் குற்றம் சாட்டிய அதே துறையைத்தான் ஃபாய் தேடிப் போய்ப் படித்தார். பாரிசில் மானிடவியல் பயின்றார். லூயி லூமியேர் திரைப்படப் பள்ளியில் படம் எடுக்கக் கற்றார். படிப்புச் செலவுக்காக மாடலிங் செய்தார், நடித்தார். 1979இல் மானிடவியலில் முனைவர் பட்டமும் பெற்றார். வெளியாள் வந்து எழுதிக்கொண்டுபோன தம் மக்களின் வாழ்க்கையைத் தாமே பதிவு செய்ய வேண்டுமென்றால், அவன் கையாண்ட கருவியைக் கற்றுத்தானாக வேண்டும் என்ற தெளிவு அவரிடம் இருந்ததாகவே நான் புரிந்துகொள்கிறேன்.

நடிப்பிலிருந்து இயக்கத்துக்கு அவர் நகர்ந்த தடம், 1972இல் மாணவியாக எடுத்த 'லா பஸ்ஸான்த்' என்ற குறும்படத்தில் தெளிவாகத் தெரிகிறது. பத்து நிமிடப் படம். பாரிஸ் தெருவில் ஓர் ஆப்பிரிக்கப் பெண் நடந்து போகிறாள். ஒரு பிரெஞ்சுக்காரனும் ஓர் ஆப்பிரிக்கனும் அவளைப் பார்க்கிறார்கள். இருவரும் தத்தம் கற்பனையில் அவளை வெவ்வேறு விதமாக வரைந்துகொள்கிறார்கள். அந்தப் பெண்ணாக நடித்தவரும் ஃபாய், கேமராவை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவரும் ஃபாய். தம்மை வேடிக்கை பார்ப்பவர்களை அவர் திருப்பிப் பார்த்துவிட்ட படம் இது. இதற்குப் பிறகு அவர் கேமராவை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார்.

1975இல் வந்த 'கட்டு பெய்கட்' கறுப்பு வெள்ளைப் படம். பிரெஞ்சு அரசின் வெளிநாட்டு ஒத்துழைப்பு அமைச்சகத்தின் சிறிய நிதியுதவியோடு, மிகச் சிறிய குழுவை வைத்துக்கொண்டு எடுத்தார். நடிகர்கள் யாரும் கிடையாது; ஊர் மக்கள், அவர்களிலும் பலர் அவருடைய சொந்தக்காரர்கள். கதை என்று பார்த்தால் மிக எளியது. ங்கோர் என்ற இளைஞனுக்குக் கும்பாவை மணமுடிக்க ஆசை. மழை பொய்த்துக் கடலை விளையாமல் போனதால், பெண் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பரியப் பணம் அவனிடம் இல்லை. பணம் தேடி டக்காருக்குப் போகிறான். அங்கே கிடைத்த வேலையெல்லாம் செய்து ஏமாற்றப்பட்டு ஊர் திரும்புகிறான். பட்டதையெல்லாம் ஊராரிடம் சொல்கிறான். நண்பர் ஒருவருக்கு எழுதும் கடிதமாக ஃபாயின் குரல் படத்தைத் தொடங்கி வைக்கிறது. முடிவில் அதே குரல், கடிதம் மட்டும்தான் என்னுடையது, மற்றதெல்லாம் உழவர்களுடையது என்ற பொருளில் நன்றி சொல்லி விடைபெறுகிறது. படத்தில் தோன்றும் அவருடைய தாத்தா, படப்பிடிப்பு முடிந்த சில நாட்களிலேயே இறந்துவிட்டார். படம் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது.

இந்தப் படத்தின் உயிர் ங்கோரின் காதலில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. மாலை நேரத்தில் ஆண்கள் மரத்தடியில் கூடி உட்கார்ந்து பேசுகிறார்களே, அந்தக் காட்சிகளில்தான் இருக்கிறது. கடன் எப்படி ஏறியது, விதையும் உரமும் வாங்கிய கணக்கு அறுவடையில் எப்படிக் கழிக்கப்பட்டது, நிலம் ஏன் சோர்ந்துபோனது என்று ஒருவர் தொடங்க இன்னொருவர் தொடர்கிறார். இன்னதைப் பேசுங்கள் என்று வசனம் எழுதிக் கொடுக்கப்பட்ட பேச்சு இல்லை அது. கேமரா அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. பேசுகிறவர் நிறுத்தி யோசிக்கும்போது அதுவும் காத்திருக்கிறது. உழவர்களைப் பற்றிப் படம் எடுப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பொருளாதாரத்தைப் பற்றி உழவர் சொல்லும் கருத்தைக் கருத்தாகவே மதித்து, ஓர் அறிஞரின் பேட்டிக்குக் கொடுக்கும் பொறுமையை அதற்குக் கொடுத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பின்னணியைக் கொஞ்சம் விளக்கினால்தான் இதன் துணிச்சல் புரியும். செனகலின் உள்நாட்டு நிலப்பகுதியை நிலக்கடலைக் காடாக மாற்றியது பிரெஞ்சுக் காலனிய ஆட்சி. எண்ணெய்க்கு வித்து வேண்டும் என்பதற்காகக் கம்பும் சோளமும் விளைந்த மண்ணில் கடலை ஏறியது. சாப்பாட்டுக்கு வெளியிலிருந்து வரும் அரிசியை நம்ப வேண்டியதாயிற்று. 1960இல் விடுதலை கிடைத்த பிறகும் இந்த அமைப்பு மாறவில்லை. 1966இல் உருவான அரசு நிறுவனம் ஒன்று கொள்முதலையும் கடனையும் தன் கையில் வைத்துக்கொண்டது. விலையை நிர்ணயிப்பதும் அரசுதான். 1968 முதல் 1973 வரை சகாராவின் தெற்கு விளிம்பிலுள்ள சாகேல் நிலப்பரப்பை வாட்டிய பெரும் வறட்சி வந்தபோது, கடனைக் கட்ட முடியாத உழவர்கள் ஒடிந்துபோனார்கள். அந்த நேரத்தில் ஃபாய் இவர்களைப் பேச வைத்தார். அன்றைய குடியரசுத் தலைவர் செங்கோரும் செரேர் இனத்தவர்தான், ஆப்பிரிக்கக் கிராமத்தின் அழகைப் பாடிய கவிஞர்தான். அந்தக் கிராமமே வாய் திறந்து பேசிய படத்தை அவருடைய அரசாங்கம் செனகலில் தடை செய்தது. பெர்லின் திரைப்பட விழாவில் 1976இல் சர்வதேச விமர்சகர்கள் பரிசளித்தார்கள். பிரான்சில் ழோர்ழ் சாதுல் விருது கிடைத்தது. யாருடைய கடனைப் பற்றிப் படம் பேசியதோ அவர்கள் நாட்டில் மட்டும் திரையிட வழியில்லை. இந்த அநீதியைப் படத்தின் வெற்றிக் கதைக்குள் ஒரு துணைத் தகவலாகச் சுருக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

என்னைக் கேட்டால் ஃபாயின் ஆகச் சிறந்த படம் 1979இல் வந்த 'ஃபத்ஜால்'. பிரான்சின் கான் திரைப்பட விழாவின் 'அன் செர்த்தன் ரகார்' பிரிவில் திரையிடப்பட்டது. தொடக்கத்திலேயே ஒரு வகுப்பறை வருகிறது. செரேர் கிராமத்துப் பிள்ளைகள், பிரான்சின் மாபெரும் மன்னர் பதினான்காம் லூயி, அவரைச் சூரிய மன்னர் என்பார்கள் என்று பாடத்தை ஒப்பிக்கிறார்கள். நாடு விடுதலை பெற்றுப் பத்தொன்பது ஆண்டுகள் ஆன பிறகும் இதுதான் பாடம். பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஓடிப்போய்த் தாத்தாவைச் சூழ்ந்துகொள்கிறார்கள். ஊர் எப்படி உண்டாயிற்று என்று அவர் சொல்லத் தொடங்குகிறார். ஊரை நிறுவியவள் ஒரு பெண் என்பதும், பரம்பரை எப்படிக் கிளைத்தது என்பதும், எந்தக் குடும்பத்துக்கு எந்த நிலம் வந்தது என்பதும் கதையாக விரிகின்றன. பிள்ளைகள் குறுக்கே கேள்வி கேட்கிறார்கள், தாத்தா பதில் சொல்கிறார். வகுப்பறையில் வாய்ப்பாடாக வந்த அதே குரல்கள் மரத்தடியில் உயிர் பெறுவதைக் காதால் கேட்கலாம். இரண்டு பள்ளிகளையும் அருகருகே வைத்ததைத் தவிர இயக்குநர் வேறொன்றும் சொல்லவில்லை.

தாத்தா சொல்லும் அந்த வரலாற்றுக்கு நடைமுறை அவசியமும் இருக்கிறது. 1964ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம், பதிவு செய்யப்படாத நிலங்களையெல்லாம் அரசின் பொறுப்பில் கொண்டுவந்தது. பாட்டன் காலத்திலிருந்து உழுத நிலத்துக்குக் காகிதம் எங்கே என்று கேட்டால் கிராமத்தார் எதைக் காட்டுவார்கள்? அவர்களிடம் இருக்கும் ஆவணம், யார் யாருக்கு மகன், யார் எந்தக் காட்டைத் திருத்தினார் என்ற நினைவுத் தொடர்தான். படத்தில் ஊரார் இந்தச் சட்டத்தைப் பற்றிக் கவலையோடு பேசும்போது, நாம் அதுவரை கேட்ட பழங்கதை முழுவதும் நிலவுரிமைக்கான சாட்சியமாக மாறிவிடுகிறது. மானிடவியல் நூல்கள் இப்படிப்பட்ட கதைகளைத் தொன்மம் என்று வகைப்படுத்தி அடுக்கி வைத்துவிடும். ஃபாய் அவற்றை வழக்கு மன்றத்துக்குக் கொண்டுபோகக்கூடிய வாக்குமூலமாகக் காட்டினார். முனைவர் பட்டம் வாங்கிய அதே ஆண்டில் அந்தத் துறைக்கு அவர் தந்த பதில் இது என்பேன்.

1980களில் தொலைக்காட்சிக்காகவும் ஐ.நா. அமைப்புகளுக்காகவும் பல ஆவணப்படங்கள் எடுத்தார். அவற்றில் 'செல்பே' என்ற அரைமணி நேரப் படத்தை மட்டும் குறிப்பிடுகிறேன். எட்டுப் பிள்ளைகளின் தாயான செல்பே என்ற கிராமத்துப் பெண்ணின் அன்றாடம் அது. கணவன் வேலை தேடி நகரத்துக்குப் போயிருக்கிறான். தண்ணீர் சுமப்பது, உலக்கை போடுவது, விற்பதற்கு ஏதாவது தேடிச் சேர்ப்பது என்று நாள் முழுவதும் அவள் கை ஓய்வதில்லை. வேலையை விடாமலே அவள் ஃபாயிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். கேட்பவள் வெளியூர் அதிகாரியாக இருந்திருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்காது. கணவன்மேல் உள்ள சலிப்பையும் கடனுக்குக் கைநீட்ட நேர்ந்த கூச்சத்தையும், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்வதுபோல அவள் சொல்கிறாள். வளர்ச்சித் திட்டப் படங்களில் வழக்கமாக வரும் பரிதாபத்துக்கு இங்கே இடமே இல்லை.

பிறகு 'மொசான்'. ஃபாயின் ஒரே முழுமையான புனைகதைப் படமென்று இதைச் சொல்லலாம். செரேர் கிராமத்தில் பதினான்கு வயதுப் பேரழகி ஒருத்தி. பிரான்சில் வேலை பார்க்கும் ஒருவனுக்கு அவளைச் சிறுவயதிலேயே நிச்சயித்துவிட்டார்கள். அவள் மனமோ பணமில்லாத மாணவன் ஒருவன்மேல். குடும்பத்தின் கடனும் கனவும் அந்தப் பிள்ளையின் தலையில் வந்து விழுகின்றன. செரேர் மரபின் மூதாதை ஆவிகளும் கதையில் பாத்திரங்களாக வருகின்றன. பெரும் பாடகி யாந்தே கோது சேனின் குரல் படத்தைத் தாங்கி நிற்கிறது. படப்பிடிப்பு 1990வாக்கில் முடிந்துவிட்டது. உரிமை தொடர்பான வழக்கால் 1996இல்தான் கானில் திரையிட முடிந்தது. நாற்பதுகளின் இறுதியிலும் ஐம்பதுகளின் தொடக்கத்திலும் இருந்த ஓர் இயக்குநரின் ஆண்டுகளை அந்த வழக்கு தின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து இன்னொரு முழுநீளப் படம் வரவேயில்லை. அவர் மெதுவாகப் படமெடுப்பவர் என்று எழுதுகிறவர்கள் இந்த ஆண்டுகளைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'மொசான்' அளவுக்கு மீறி அழகாக இருக்கிறது, வறுமை தெரியவில்லை என்ற குறையிலும் எனக்கு உடன்பாடில்லை. கிராமம் என்றால் தூசியும் பசியும் மட்டுமே தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது யாருடைய கண்?

2018இல் பிரான்சின் தேசியத் திரைப்பட மையம் 'ஃபத்ஜாலை' டிஜிட்டல் முறையில் புதுப்பித்துக் கான் விழாவின் செவ்வியல் பிரிவில் திரையிட்டது. அவர் உயிரோடு இருக்கும்போதே நடந்த நல்ல காரியம் அது. மற்ற படங்களை நல்ல பிரதியில் பார்ப்பது இன்னமும் பெரும்பாடாக இருக்கிறது. திரைப்படக் கழகம் நடத்தும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது: ஆப்பிரிக்கப் படவரிசை என்று அறிவிக்கும்போது செம்பேனோடு நிறுத்திவிடாதீர்கள், ஃபாயைக் கேட்டு வாங்கித் திரையிடுங்கள், துணைத்தலைப்பைத் தமிழில் போடுங்கள். தனியாகப் பார்க்க நினைப்பவர்கள் 'செல்பே'யில் தொடங்கலாம், அரைமணி நேரம்தான். அடுத்ததாக 'கட்டு பெய்கட்'டைப் பார்த்துவிட்டு 'ஃபத்ஜாலு'க்குப் போனால், முந்தைய படத்தில் கடனைப் பற்றிப் பேசியவர்கள் அடுத்ததில் நிலத்தைப் பற்றிப் பேசுவது தொடர்ச்சியாகக் கேட்கும்.