பணவீக்கம் 5.9%: யார் வீட்டுக் கணக்கு அது?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நாட்டில் இரண்டே குடும்பங்கள். ஏழைக் குடும்பத்தின் செலவு 10 பங்கு, வசதியான குடும்பத்தின் செலவு 90 பங்கு. ஏழை வீட்டில் செலவில் 60% சாப்பாட்டுக்கே போய்விடுகிறது, மற்ற வீட்டில் 20%தான். ஒரு வருடத்தில் உணவு விலை 15% ஏறுகிறது, மற்றவை 3%. ஏழை வீட்டுக்கு விலைவாசி 10.2% ஏறிவிட்டது, வசதியான வீட்டுக்கு 5.4%. நாட்டின் பணவீக்கம் என்று அறிவிக்கப்படுவதோ 5.9%.

காரணம் எளிது. பணவீக்கத்தை அளக்கும் நுகர்வோர் விலைக் குறியீட்டு எண் தலைகளை எண்ணுவதில்லை, செலவை எண்ணுகிறது. அதிகம் செலவழிப்பவருக்கு அதிக எடை. இரண்டு வீட்டையும் சமமாக எண்ணியிருந்தால் 7.8% வந்திருக்கும்.

இப்போது இருவர் வருமானமும் 6% கூடுகிறது என்று வையுங்கள். வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி குறியீடு அசையாது, ஏற்றத்தாழ்வு கூடவில்லை என்று அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் ஏழை வீட்டின் வாங்கும் சக்தி 3.8% கரைந்துவிட்டது, மற்ற வீட்டுக்கு அரை சதவீதம் கூடியிருக்கிறது. இந்த இடைவெளி எந்த அட்டவணையிலும் ஏறாமலே போவதுதான் என் கோபம்.

அடுத்தது கூலி. விலைவாசியோடு சேர்த்துச் சம்பளம் ஏறும் ஏற்பாடு அமைப்புசார் வேலைகளில்தான் இருக்கும். முறைசாரா வேலையில் கூலி எப்போது ஏறும் என்பதே தெரியாது. வருடத்துக்கு 10% பணவீக்கத்தில் மூன்று வருடம் ஒரே கூலி என்றால், கால்வாசி காணாமல் போய்விடும்.

கையில் ரொக்கமாக வைத்திருப்பவருக்குத் தப்பிக்க வழியே இல்லை. 1990களின் தொடக்கத்தில் பிரேசிலில் பணவீக்கம் ஆண்டுக்கு ஆயிரம் சதவீதத்தைத் தாண்டியபோது, வங்கிக் கணக்கு உள்ளவர்களின் பணத்துக்கு அன்றாடம் வட்டி சேர்ந்தது. கணக்கு இல்லாதவர்களின் கூலி மாதக் கடைசிக்குள் கரைந்தது. 1994 ஜூலையில் ரியால் என்ற புதிய நாணயம் வந்து விலைகள் அடங்கியதும் வறுமை சட்டென்று குறைந்தது.

"கடன் வாங்கியவனுக்குப் பணவீக்கம் லாபம்தானே?" என்பார்கள். நிலையான வட்டியில் இருபது வருடக் கடன் வாங்கிச் சொத்து சேர்த்தவருக்கு லாபம்தான். வாரவட்டிக்கு வாங்குபவருக்கு அந்த லாபம் எங்கிருந்து வரும்? விளைபொருள் விலை ஏறினால் விவசாயிக்கு நல்லது என்பதும் பாதி உண்மையே. விற்பதைவிட அதிகமாக வாங்கிச் சாப்பிடும் சிறுவிவசாயிக்கும் நிலமில்லாத கூலிக்கும் அது நஷ்டம்.

என் கோரிக்கை சிறியது. குடும்பச் செலவுக் கணக்கெடுப்புத் தரவு ஏற்கெனவே இருக்கும் நாடுகளில், மக்களைச் செலவு அடிப்படையில் பத்துப் பிரிவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பணவீக்க எண்ணை மாதாமாதம் வெளியிடட்டும். குறைந்தபட்சக் கூலியை, செலவில் அடிமட்டத்தில் இருக்கும் நான்கு பிரிவுகளின் எண்ணோடு கட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தட்டும்.