அரைஞாண் கயிறும் பூமி உருண்டையும்

(பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. கயிற்றுக் கட்டிலில் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா. வீட்டுக்குள் அவர் மனைவி அம்முச்சி. பரீட்சை முடிந்து லீவுக்கு வந்திருக்கும் பேத்தி. லீவிலும் கணக்கை விடாத பிள்ளைகள் இருக்கத்தான் செய்கிறார்கள்.)

பேத்தி: அப்புச்சி, நிலநடுக்கோட்டில் பூமியைச் சுற்றி இறுக்கமாக ஒரு கயிறு கட்டுகிறோம். 40,075 கிலோமீட்டர்.

அப்புச்சி: நம்மூர்ப் பட்டறையில் கயிறு திரிக்க அத்தனை தேங்காய் மஞ்சி இருக்காதே கண்ணு.

பேத்தி: இருக்குதுன்னு வச்சுக்குங்க. அப்புறம் 1 மீட்டர் மட்டும் ஒட்டுப் போட்டு, சுற்றிலும் ஒரே உயரத்தில் தூக்கிப் பிடித்தால், அடியில் எது நுழையும்?

அப்புச்சி: அத்தனை நீளத்துக்கு வெறும் 1 மீட்டரா? எறும்பே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போகணும்.

பேத்தி: பூனையே போகுமுங்க. 16 சென்டி இடைவெளி வரும்.

அப்புச்சி: வெயிலில் சுற்றாதேன்னு உன்ர அம்முச்சி சொன்னாள், கேட்டாயா?

பேத்தி: சரி, பூமி வேண்டாம். உங்க அரைஞாண் கயிறு எத்தனை நீளம்?

அப்புச்சி: (வேட்டியைப் பிடித்துக்கொண்டு) பொங்கலுக்கு மாற்றும்போது 88 சென்டி.

பேத்தி: ஆரத்தை இரட்டித்து 22/7-ஆல் பெருக்கினால் சுற்றளவு. 88-க்கு ஆரம் 14. கயிற்றில் 1 மீட்டர் சேர்த்தால் 188. இப்போ ஆரம்?

அப்புச்சி: (மண்ணில் குச்சியால் கிறுக்கி) 30-க்குத் துளி குறைவு. வயிற்றை விட்டு 16 சென்டி தள்ளி நிற்கும். இதில் என்ன அதிசயம்? வயிறு சிறிசு.

பேத்தி: பெரிசானாலும் அதேதாங்க. 22/7-ஐ இரட்டித்தால் ஏறக்குறைய 6.28. சுற்றளவை அதால் வகுத்தால் ஆரம். புதிதாகச் சேர்த்த 100 சென்டியைத் தனியாக வகுத்தாலும் 16 வந்துவிடும். பழைய கயிறு எத்தனை நீளமென்று அது கேட்பதே இல்லை.

அப்புச்சி: அப்போ என்ர வயிறும் பூமியும் ஒண்ணுங்கறே?

பேத்தி: அம்முச்சி எப்பவும் அதைத்தானே சொல்றாங்க.

அப்புச்சி: (யோசித்து) இரு கண்ணு. பொங்கலுக்கு அப்புறம் இடுப்பு 6 சென்டி ஏறிவிட்டதென்று உன்ர அம்முச்சி எனக்கு இனிப்பு ஒப்புட்டையே நிறுத்திவிட்டாள். உன்ர கணக்குப்படி வயிறு எத்தனை வெளியே வந்திருக்கும்?

பேத்தி: வயிறு சரியான வட்டமாக இருந்தால்...

அப்புச்சி: வட்டமேதான், பார்த்தாலே தெரியுதே. சொல்லு.

பேத்தி: 1 சென்டி. அதுவும் முழுசா இல்லைங்க.

அப்புச்சி: (உள்பக்கம் திரும்பி உரக்க) ஏ புள்ளே, ரெண்டு ஒப்புட்டு எடுத்து வை! 1 சென்டி கூட இல்லையாம், பேத்தி கணக்குப் போட்டுவிட்டாள்!

பேத்தி: அப்புச்சி, அது முன்னால் மட்டும் இல்லைங்க. சுற்றிலும்.

அப்புச்சி: அதை உள்ளே போய்ச் சொல்லிவைக்காதே.