எபேசு ஊர்ச் சம்பிரதி நம்மைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்?

தைப்பூசம் முடிந்த கையோடு வாட்ஸ்அப் குழுக்களில் வழக்கமான காணொளிகள் சுற்றத் தொடங்கிவிட்டன. பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அலகு குத்திப் போகும் ஒரு பையனின் முகம், பின்னால் பயமுறுத்தும் இசை, கீழே "இருளில் இருக்கும் ஜனங்கள்" என்று ஒரு வரி. அந்தப் பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று அனுப்பியவருக்குத் தெரியாது. அனுப்புகிறவர்கள் கெட்டவர்களும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவர்கள்தான்.

கேட்டால் உடனே அப்போஸ்தலன் பவுலைத் துணைக்கு அழைப்பார்கள். சரி, பவுலையே பார்ப்போம்.

பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரம். எபேசு தியானாள் தேவியின் பட்டணம். பவுல் அங்கே இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கிப் போதிக்கிறார். கையினால் செய்யப்பட்டவை தேவர்கள் அல்ல என்று அவர் சொல்லித் திரிகிறார் என்பது தெமேத்திரியு என்ற தட்டானின் புகார். தியானாளின் கோயிலைப் போல வெள்ளியில் சின்னக் கோயில்கள் செய்து விற்பது அவன் பிழைப்பு. பக்தியும் பிழைப்பும் கலந்த கோபத்துக்கு வேகம் அதிகம்! ஊரே அரங்கசாலையில் திரண்டு இரண்டு மணி நேரம் கத்துகிறது. கடைசியில் பட்டணத்துச் சம்பிரதி, அதாவது ஊர்ச் செயலாளர், எழுந்து கூட்டத்தை அமர்த்துகிறார். நீங்கள் பிடித்துக்கொண்டு வந்த இந்த ஆட்கள் கோயிலைக் கொள்ளையடித்தவர்களும் இல்லை, உங்கள் தேவியைத் தூஷித்தவர்களும் இல்லை என்கிறார்.

இதைச் சொன்னவர் விசுவாசி இல்லை. தியானாளின் ஊர் அதிகாரி. பவுலின் கூட்டாளிகளுக்கு அவர் இப்படிச் சாட்சி சொல்லும்படி அவர்கள் அந்த ஊரில் நடந்துகொண்டிருக்கிறார்கள். பவுல் தன் போதனையை மறைக்கவும் இல்லை, தண்ணீர் ஊற்றிக் கலக்கவும் இல்லை. அப்படியிருந்தும் தேவியை அவமதித்தார்கள் என்ற குற்றச்சாட்டு அங்கே நிற்கவில்லை. அதே அதிகாரத்தில் மாயவித்தைப் புத்தகங்களை எரிக்கிறார்களே என்று யாராவது கேட்பீர்கள். எரித்தவர்கள் எரித்தது தங்கள் சொந்தப் புத்தகங்களை. பக்கத்து வீட்டுக்காரருடையதை இல்லை.

பினாங்கில் நம் அடுக்குமாடியில், ஒரே மாடியில் குடியிருக்கும் இந்துக் குடும்பம் நம்மைப் பற்றி இப்படி ஒரு சாட்சி சொல்லுமா? சில வீடுகளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லும். சில வீடுகளைப் பற்றிச் சொல்லாது. தீபாவளிக்கு ஒரு சின்னப் பெண் தட்டில் முறுக்கு கொண்டுவந்து நீட்ட, "இது பிசாசுக்குப் படைத்ததா?" என்று அந்தக் குழந்தையிடமே கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். பவுல் 1 கொரிந்தியர் 10இல் விருந்துக்குக் கூப்பிட்டால் போ, முன்னால் வைத்ததைச் சாப்பிடு, துருவித் துருவி விசாரிக்காதே என்கிறார். இது படைக்கப்பட்டது என்று யாராவது சொன்னால் மட்டும் சாப்பிடாதே, அதுவும் சொன்னவருடைய மனச்சாட்சிக்காக. நாமோ அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே விசாரணையை ஆரம்பித்துவிடுகிறோம்.

இன்னும் கனமான இடம் சாவு வீடு. பினாங்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களில் பாதிப் பேருக்காவது இந்துச் சொந்தம் இருக்கும். என் அப்பா வழி முழுக்க அப்படித்தான். வாய்க்கரிசி போடும் நேரம் வந்ததும் கிறிஸ்தவச் சொந்தங்கள் ஓசைப்படாமல் வெளியே போய் கார்களுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது எப்படி இருக்கும்? செத்தவரை விட்டு விலகிப் போன மாதிரி இருக்கும். நானும் வாய்க்கரிசி போடுவதில்லை. ஆனால் என் பெரியப்பா தவறியபோது அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "சரிடா, அது வேணாம். பெட்டியைத் தூக்க வா" என்றார். கடைசிவரைக்கும் உள்ளேயே நின்றேன். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு நாகமான் நினைவுக்கு வருவார். குஷ்டம் நீங்கி இஸ்ரவேலின் கர்த்தரை ஏற்றுக்கொண்ட சீரியப் படைத்தலைவர். ஊருக்குத் திரும்பினால் ராஜா அவர் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோயிலுக்குப் போவார், அப்போது நானும் குனிய வேண்டியிருக்கும், கர்த்தர் அதை மன்னிப்பாராக என்கிறார். இதைக் கேட்ட தீர்க்கதரிசி எலிசா ஒரு பிரசங்கம் வைத்திருக்கலாம். "சமாதானத்தோடே போ" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். இதை வைத்து எல்லாமே சரி என்று நான் வாதாட வரவில்லை. ஒரு மனுஷனுடைய இக்கட்டை எலிசா எவ்வளவு பொறுமையாகக் கேட்டார் என்பதைத்தான் பார்க்கிறேன்.

நாமே இந்த மலேசியாவில் சிறுபான்மை. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு. 2010 ஜனவரியில் கோலாலம்பூரில் ஒரு சபைக் கட்டடத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது எவ்வளவு பதறினோம்! அப்போது தேவாலயங்களுக்குக் காவல் நிற்க முன்வந்த முஸ்லிம்களும் இருந்தார்கள். அவர்கள் நம் விசுவாசத்தை ஒப்புக்கொண்டா வந்தார்கள்?

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத்தையும் சொல்ல வேண்டும். ஜூலைத் திருவிழாவுக்கு இந்துக்களும் சீனர்களும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், வாசலில் யாரும் அவர்களை நிறுத்தி விசாரிப்பதில்லை. நான் கத்தோலிக்கன் இல்லை, புனிதர்களிடம் வேண்டுவதில் எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் வந்தவர்களை நடத்தும் விதத்தில் அவர்கள் நமக்கு நாலு படி மேல்.

"அப்போ சுவிசேஷமே சொல்லக்கூடாதா?" இந்தக் கேள்வி வரும், தெரியும். சொல்ல வேண்டும். 1 பேதுரு 3:15 அதைத்தான் சொல்கிறது. விசாரித்துக் கேட்கிற யாவருக்கும், சாந்தத்தோடும் வணக்கத்தோடும். கேட்கிறவருக்கு என்பதைக் கவனியுங்கள். விரதம் இருந்து, வெயிலில் வெறுங்காலோடு நடந்து வருகிறவர் நம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அவர் கையில் துண்டுப்பிரசுரத்தைத் திணிப்பதில் சாந்தமும் இல்லை, வணக்கமும் இல்லை.

அடுத்த தைப்பூசத்துக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கலாமா என்று எங்கள் வாலிபர் குழுவில் பேச்சு நடக்கிறது. தாராளமாகக் கொடுங்கள் தம்பிகளா. பாட்டிலில் வசனம் ஒட்ட வேண்டாம். காலி பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டு வாருங்கள். நீங்கள் யார் என்று யாராவது கேட்டால் சபையின் பெயரைச் சொல்லுங்கள். அதற்கு மேலும் கேட்டால், அதற்கு மேலும் சொல்லுங்கள்.