சினிமாவுக்கு முன்பே கூத்து இருந்தது
"தென்னாப்பிரிக்காவில் தமிழைக் காப்பாற்றியது சினிமாப் பாட்டுதான்" என்று தென்னாப்பிரிக்கத் தமிழர் பற்றிய கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் முதல் கூலித் தொழிலாளர்களை டர்பனில் இறக்கியது 1860இல். தமிழ்ப் படம் பேசத் தொடங்கியதோ 1931இல். இடைப்பட்ட எழுபது ஆண்டுகள் கரும்புத் தோட்டத்து மக்கள் எதைக் கேட்டு மகிழ்ந்தார்கள்? தெருக்கூத்தைத்தான். என் தாத்தா துரோபதை வேடம் கட்டியவர். பகலெல்லாம் ஆலை வேலை, விடிய விடியக் கூத்து. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதருக்குத் துகிலுரிதல் முழுவதும், பாட்டும் வசனமுமாக, மனப்பாடம். அதைக் கேட்டு வளர்ந்த என் அம்மா இன்றும் தமிழில் பேசுகிறார். என் பிள்ளைகளோ படப்பாட்டுகளை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு அழகாகப் பாடுகிறார்கள்; பொருள் கேட்டால் விழிக்கிறார்கள். அதே கட்டுரைக்குக் கருத்து எழுதிய இன்னொருவர், தமிழைக் காத்ததாக இங்குள்ள இந்தியர்களுக்கான லோட்டஸ் எஃப்எம் வானொலியைக் குறிப்பிட்டிருக்கிறார். அதன் பங்கை நானும் மதிக்கிறேன், ஆனால் அது வந்ததே 1983இல்தான். எங்கள் பகுதிக் கோயில் திருவிழாவில் இப்போது கூத்துக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. மீதி இரவு முழுவதும் மேடை திரையிசைக் குழுவுக்கு. வயதான கூத்துக் கலைஞர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கட்டுரையாளரே, அடுத்த கட்டுரைக்கு அவர்களைத் தேடிப் போங்கள், அவர்களுடைய பாட்டுகளைப் பதிவு செய்யுங்கள்.