சாயலை வைத்துப் பெயர் சூட்டாதீர்கள்

எந்தப் பதிவைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். முதல் உலகப் போர்ப் படம் ஒன்றுக்கு ஏஐ வைத்து வண்ணம் பூசி, முகத்தைப் பளிச்சென்று ஆக்கி, "நம் மாவட்டத்து மாவீரர்" என்று ஒரு பெயரும் ஊரும் போட்டார்களே, அதுதான். அது 1915இல் கிர்ட்வுட் என்ற புகைப்படக்காரர் பிரான்ஸில் எடுத்த படம், மூலக் குறிப்பிலேயே கூர்க்காக்கள், அதாவது நேபாளச் சிப்பாய்கள், என்று இருக்கிறது, இடுப்பில் அவர்களுடைய வளைந்த கத்தியான குக்ரியைப் பாருங்கள் என்று பணிவாகத்தான் எழுதினேன். தமிழன் பெருமை பொறுக்காதவன் என்று பட்டம் கொடுத்து பிளாக் செய்துவிட்டார்கள். நல்லது.

சாயல் ஆதாரம் ஆகாது. நான் சொன்னது அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் ஆறு அமெரிக்க வீரர்கள் கொடி நடும் படத்தைப் பார்க்காதவர் உண்டா? 1945 பிப்ரவரி 23 அன்று ஜோ ரோசன்தால் எடுத்தது. அதே நேரத்தில் பக்கத்திலிருந்து எடுத்த வண்ணச் சலனப்படமும் இருக்கிறது. படத்தில் இருந்தவர்களில் சிலர் உயிரோடு திரும்பினார்கள். அப்படியும் பெயர்கள் தப்பின. ஹான்சன் என்று சொல்லப்பட்டவர் ஹார்லன் பிளாக் என்று 1947இல் திருத்தினார்கள். பிராட்லி அதில் இல்லை, ஹரால்டு ஷுல்ட்ஸ் என்று 2016இல் சொன்னார்கள். கேக்னனும் இல்லை, ஹரால்டு கெல்லர் என்று 2019இல். காட்டிக்கொடுத்தவை எவை? தொங்கும் ஹெல்மெட் வார், மடித்துவிடாத கால்சட்டை, ஒரு மோதிரம். முகம் அல்ல. ஷுல்ட்ஸ் 1995இலேயே இறந்துபோய்விட்டார். ஊரறியச் சொல்லிக்கொண்டதே இல்லை.

"ஹார்லன் பிளாக்கின் அம்மா முதுகைப் பார்த்தே மகன் என்று சொன்னாரே" என்பீர்கள். சொன்னார். அவர் பெற்றவர். நீங்கள் யார்? தவிர, ஐரா ஹேஸ் என்ற சக வீரர் டெக்சாஸ் வரை போய் பிளாக்கின் அப்பாவிடம் உண்மையைச் சொன்ன பிறகுதான் திருத்தமே வந்தது.

எங்கள் வீட்டிலும் ஒரு படம் இருக்கிறது. தாத்தாவின் அண்ணன் பர்மாப் போருக்குப் போனவர், திரும்பவில்லை. வரிசை வரிசையாகச் சிப்பாய்கள் நிற்கிற குரூப் போட்டோ. பெரியம்மா ஒரு முகத்தைக் காட்டுவார், சித்தப்பா இன்னொன்றை. இருவருமே சத்தியம் செய்வார்கள். இதைக் கமெண்டில் சொன்னதற்கு ஒரு தம்பி, "போட்டோவை அனுப்புங்க அண்ணா, ஏஐல கிளியர் பண்ணித் தர்றோம்" என்கிறார். அது கிளியர் பண்ணாதுப்பா. இல்லாத கண்ணையும் மூக்கையும் தானாக வரைந்து கொடுக்கும். அந்த முகத்துக்கு மாலை போட்டு எங்கள் பெரியம்மா அழ வேண்டுமா?

"நோக்கம் நல்லதுதானே, நம்மவர்களை யார் நினைக்கிறார்கள்?" இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நினையுங்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன் 1944இல் இத்தாலியில் கண்ணிவெடி மேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் கொடுத்தார்கள். பெயர், ஊர், படைப்பிரிவு எல்லாம் பதிவில் இருக்கிறது. அவரைப் பற்றி எழுதினால் யார் பகிரப் போகிறார்கள்? பளபளக்கும் முகம் வேண்டுமே!

வண்ணம் பூசிய அந்தப் படத்தில் நிற்பவர் நேபாளத்தில் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளை. அவர் பெயர் தொலைந்து நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது முகத்தையும் பிடுங்கி நம் மாவட்டத்துக்கு எழுதி வைத்தாயிற்று. இதைச் சொன்ன நான்தான் துரோகி.

படைப்பிரிவு எண்ணோ, சம்பளப் பட்டியலோ, ஒரு கடிதமோ இருந்தால் காட்டுங்கள், நானே பகிர்கிறேன். அதுவரை பிளாக்கிலேயே வைத்திருங்கள், பரவாயில்லை.